தேவி பிரசாத் ராய் சௌத்ரி

தேவி பிரசாத் ராய் சௌத்ரி (15 ஜூன் 1899 – 15 அக்டோபர் 1975) நவீன இந்தியச் சிற்பிகளுள் முன்னோடி. ஓவியர், வங்கமொழி எழுத்தாளர், கலை ஆசிரியர். சென்னை அரசு ஓவியப் பள்ளியின் தலைமைப் பொறுப்பை ஏற்ற முதல் இந்தியர். சென்னை மெரினா கடற்கரையிலுள்ள உழைப்பாளர் சிலை, அதே கடற்கரையிலுள்ள காந்தி சிலை, பாட்னாவின் தியாகிகள் நினைவுச் சின்னம், தில்லியின் பதினோரு உருவச் சிற்பத்தொகுதி ஆகியவை இவருடைய புகழ்பெற்ற படைப்புகள். லலித் கலா அகாதமியின் முதல் தலைவராகவும் இருந்தார்.

உழைப்பாளர் சிலை சென்னையில் ஓர் அடையாளம். பேருந்து நிறுத்தத்தின் பெயராகவும் நிலைத்துவிட்டது. ஆனால் அதைத் தினமும் கடந்து செல்வோரில் பலர் அதைச் செய்தவரின் பெயரை அறியமாட்டார்கள். பெயர் தெரியாத உழைப்பாளிகளைச் சிலையாக வடித்தவரின் பெயரும் அவர்களுடன் சேர்ந்தே மறைந்துபோயிற்று எனலாம்.

பிறப்பு, கல்வி

ராய் சௌத்ரி இன்றைய வங்காளதேசத்தின் ரங்பூர் பகுதியில் உள்ள தாஜ்ஹாட்டில் பிறந்தார். ஓவியத்தை அவனீந்திரநாத் தாகூரிடம் கற்றார். அவனீந்திரநாத் வங்காள ஓவியப் பாணியைத் தோற்றுவித்தவர். ஆங்கிலேயரின் கலைப்பள்ளிகள் கற்பித்த ஐரோப்பிய முறைக்கு மாற்றாக, அஜந்தா, முகலாய, ராஜபுத்திர ஓவிய மரபுகளிலிருந்து இந்தியத் தன்மையுள்ள ஓவிய முறை ஒன்றை உருவாக்க முயன்றவர்.

சிற்பத்தை ஹிரண்மய் ராய் சௌத்ரியிடம் பயின்றார். இத்தாலிய ஓவியர் ஒருவரிடம் மேலை நாட்டு முறையிலான உருவப்பட வரைவையும் கற்றார். இந்த இரட்டைப் பயிற்சி அவருடைய கலைவாழ்வைத் தீர்மானித்தது. ஓவியத்தில் தொடக்கத்தில் வங்காளப் பாணியின் மென்மையான கோடுகளைப் பின்பற்றினார். சிற்பத்திலோ உடலின் எடை, எலும்பு, தசை, நரம்பு ஆகியவற்றை உள்ளபடி காட்டும் மேலை முறையைத் தேர்ந்துகொண்டார். பிரெஞ்சுச் சிற்பி ஆகஸ்ட் ரோதேனின் தாக்கம் அவருடைய சிற்பங்களில் தெளிவாகத் தெரியும்.

ராய் சௌத்ரி மல்யுத்தத்தில் பயிற்சி உடையவர், வேட்டையில் ஈடுபாடு கொண்டவர், புல்லாங்குழல் வாசிப்பார், வங்கமொழியில் கதைகள் எழுதினார். மனித உடல் ஒரு பளுவை எதிர்கொள்ளும்போது எங்கே முறுக்கேறுகிறது, எங்கே தளர்கிறது என்பதை மற்போர்க் களத்தில் தம் உடலாலேயே அறிந்தவர் அவர். அவருடைய உழைப்பாளி உருவங்களைப் பார்க்கும்போது இச்செய்தி நினைவில் இருப்பது நல்லது.

சென்னை ஓவியப் பள்ளி

சென்னை ஓவியப் பள்ளியை 1850ஆம் ஆண்டு அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கினார். பின்னர் அது அரசுப் பள்ளியாயிற்று. நெடுங்காலம் அங்கே உலோக வேலை, மரவேலை, மட்பாண்டம், நகை வேலை முதலிய கைத்தொழில்களுக்கே முதலிடம் அளிக்கப்பட்டது. நல்ல கைவினைஞர்களை உருவாக்குவதே பள்ளியின் நோக்கம். சொந்தமாகக் கற்பனை செய்யும் ஓவியர்களையும் சிற்பிகளையும் உருவாக்குவது அதன் வேலையாகக் கருதப்படவில்லை.

1929இல் ராய் சௌத்ரி அதன் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். அதுவரை அப்பதவியில் இந்தியர் எவரும் இருந்ததில்லை. அடுத்த 28 ஆண்டுகள், அதாவது 1957 வரை, அவர் அப்பொறுப்பில் நீடித்தார். அவர் காலத்தில் ஓவியமும் சிற்பமும் கைத்தொழிலின் கிளைகளாக இல்லாமல் தனித்த கலைகளாகக் கற்பிக்கப்பட்டன. உயிருள்ள மனிதரை எதிரே நிறுத்தி வரையவும் வனையவும் மாணவர் பழகினர். பள்ளிக்கு வெளியே சென்று தெருவையும் கடற்கரையையும் சந்தையையும் நேரில் பார்த்து வரையும் வழக்கம் வளர்ந்தது.

முதல்வரின் பணிமனையும் பள்ளி வளாகத்திலேயே இருந்தது. களிமண்ணைப் பிசைவது முதல் அச்செடுப்பது வரை ஒரு பெரிய சிலை உருவாகும் எல்லா நிலைகளையும் மாணவர்கள் கண்ணால் கண்டனர். பாடப்புத்தகத்தில் கிடைக்காத கல்வி இது. பரிதோஷ் சென், நீரத் மஜும்தார், பிரதோஷ் தாஸ்குப்தா, கே.சி.எஸ். பணிக்கர், எஸ். தனபால் ஆகியோர் அவரிடம் பயின்றவர்களுள் குறிப்பிடத்தக்கவர்கள்.

மரபுச் சிற்பமும் உருவச் சிற்பமும்

தமிழ்நாட்டிற்கு நீண்ட சிற்ப மரபு உண்டு. அப்படியிருக்க ராய் சௌத்ரியின் சிற்பங்களில் புதிதாக என்ன இருந்தது என்ற கேள்வி எழலாம். விடை, அளவிலும் நோக்கிலும் இருக்கிறது.

கோயில் சிற்பி தாலமானம் என்ற அளவு முறையைப் பின்பற்றுகிறார். முகத்தின் நீளம் ஒரு தாலம். அதை அடிப்படையாகக் கொண்டு உருவம் முழுவதும் அளக்கப்படுகிறது. உயர்நிலைத் தெய்வங்களுக்குப் பத்துத் தாலம், பிறவற்றுக்கு அதற்குக் குறைவான தாலங்கள் என நூல்கள் வகுத்துள்ளன. தெய்வ உருவத்தில் தசை புடைப்பதில்லை, நரம்பு தெரிவதில்லை, முதுமையோ களைப்போ காட்டப்படுவதில்லை. ஏனெனில் அது ஒரு தனி மனிதரின் உடல் அன்று. தியானத்தில் கண்ட வடிவம்.

நவீன உருவச் சிற்பி எதிரே நிற்கும் மனிதரிடமிருந்து தொடங்குகிறார். அவருக்குப் பொதுவான அளவு என்று ஒன்றில்லை. மூட்டை சுமந்து வளைந்த முதுகும், பட்டினியில் வெளித்தெரியும் விலா எலும்பும் அவருக்குப் பாடம். மரபுச் சிற்பம் மனித வடிவத்தின் வழியே தெய்வத்தைக் காட்டியது. ராய் சௌத்ரியின் சிற்பம் மனிதனை மனிதனாகவே காட்டியது. ஒன்று உயர்ந்தது, மற்றது தாழ்ந்தது என்று இதற்குப் பொருளில்லை. இரண்டின் வேலையும் வேறு.

இன்னொரு வேறுபாடும் கவனிக்கத்தக்கது. சென்னையில் அதற்கு முன் பொது இடங்களில் நின்ற சிலைகள் பெரும்பாலும் ஆட்சியாளர்களுடையவை. தீவுத்திடலருகே 1839இல் நிறுவப்பட்ட தாமஸ் மன்றோவின் குதிரைச் சிலை இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. அது பிரான்சிஸ் சாண்ட்ரி என்ற ஆங்கிலச் சிற்பி இங்கிலாந்தில் செய்து அனுப்பியது. உயர்ந்த பீடம், அதன்மேல் குதிரை, அதன்மேல் ஆளுநர் என்ற அமைப்பு, பார்ப்பவரைக் கீழே நிறுத்தி அண்ணாந்து பார்க்க வைக்கிறது. அதே நகரில் இடுப்புத் துணியோடு வேலை செய்யும் பெயரற்ற நால்வருக்குப் பொது இடத்தில் சிலை எழுந்தது பெரிய மாற்றம்.

பெரிய வெண்கலச் சிலை உருவாகும் முறை

ராய் சௌத்ரி பெரும்பாலும் வெண்கலத்தில் பணியாற்றியவர். கல்லில் செதுக்குவதும் வெண்கலத்தில் வார்ப்பதும் ஒன்றுக்கொன்று எதிரான முறைகள். கல்லில் வேண்டாததை வெட்டி எறிய வேண்டும். வெட்டியதைத் திரும்ப ஒட்ட முடியாது. வெண்கலச் சிலைக்கான மூல உருவம் களிமண்ணில் வனையப்படுகிறது. களிமண்ணில் சேர்க்கலாம், எடுக்கலாம், அழித்துத் திருத்தலாம்.

முதலில் சிறிய மாதிரி ஒன்று செய்யப்படும். அதில் உருவங்களின் நிலையும் சமநிலையும் முடிவாகும். பின்னர் இரும்புக் கம்பிகளாலும் மரத்தாலும் எலும்புக்கூடு போன்ற சட்டம் அமைத்து, அதன்மேல் ஈரக் களிமண்ணை அப்பி முழு அளவு உருவத்தை வனைவார்கள். களிமண் காய்ந்து வெடிக்காமலிருக்க ஈரத்துணியால் மூடி வைக்க வேண்டும். உருவம் முடிந்ததும் அதன்மேல் பிளாஸ்டர் பூசி அச்செடுப்பார்கள். அந்த அச்சிலிருந்து பிளாஸ்டர் உருவம் கிடைக்கும். அதைக் கொண்டு வார்ப்படச் சாலையில் வெண்கலம் வார்க்கப்படும்.

சோழர் கால உலாத் திருமேனிகளில் பெரும்பாலானவை மெழுகு உருவின்மேல் மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, உள்ளே நிறைவாக உலோகம் ஊற்றி வார்க்கப்பட்டவை. ஆளை விடப் பெரிய உருவங்களை அப்படி வார்ப்பது கடினம். எடை தாங்க முடியாததாகிவிடும். தடித்த உலோகம் ஆறும்போது சீராகச் சுருங்காமல் வெடிப்பும் விடலாம். எனவே பெரிய சிலைகள் உள்ளே கூடாக, மெல்லிய சுவர் போன்ற தடிமனில், பல துண்டுகளாக வார்க்கப்பட்டுப் பின் இணைக்கப்படுகின்றன. இணைப்பின் தழும்புகளை அராவித் தேய்த்து மறைத்தபின் மேற்பரப்புக்கு நிறமூட்டுவார்கள்.

ராய் சௌத்ரி மேற்பரப்பை வழவழப்பாக்க விரும்பவில்லை. களிமண்ணை அழுத்திய விரல் தடங்களும் கருவியின் கீறல்களும் அப்படியே வெண்கலத்தில் இருக்கும்படி விட்டார். கரடுமுரடான பரப்பில் ஒளி பட்டுத் தெறிக்கும்போது வேர்வை படிந்த தோலைப் போன்ற உயிர்ப்பு தோன்றுகிறது. ரோதேனிடமிருந்து அவர் எடுத்துக்கொண்ட முக்கியமான பாடம் இது.

உழைப்பாளர் சிலை

இச்சிலை குடியரசு நாளுக்கு முந்தைய நாளான 25 ஜனவரி 1959 அன்று மெரினாவில் திறக்கப்பட்டது. ஆங்கிலத்தில் இதன் பெயர் ‘டிரையம்ப் ஆஃப் லேபர்’. அதாவது உழைப்பின் வெற்றி. தமிழில் மக்கள் அதை உழைப்பாளர் சிலை என்றே அழைக்கின்றனர்.

பெரும்பாறை ஒன்றை நால்வர் நெம்பித் தள்ளுகின்றனர். நால்வரின் உடல்களும் நான்கு வெவ்வேறு நிலைகளில் உள்ளன. எனினும் எல்லா விசையும் ஒரே திசையில் பாய்கிறது. சிற்பத்தைச் சுற்றி நடந்து பார்த்தால் எந்தப் பக்கத்திலிருந்தும் சாய்ந்த கோடுகளே கண்ணில் படும். நேராக நிமிர்ந்த கோடு அமைதியையும், சாய்ந்த கோடு இயக்கத்தையும் உணர்த்தும் என்பது சிற்பக் கலையின் எளிய விதி. பாறையின் கனத்தைப் பாறையால் மட்டும் காட்ட முடியாது. ஊன்றிய கால்களும் இழுத்துப் பிடித்த முதுகுகளுமே அந்தக் கனத்தை நமக்குச் சொல்கின்றன.

சிலையின் பெயரில் வெற்றி இருக்கிறது. ஆனால் சிலை காட்டுவது வெற்றிக்குப் பிந்தைய கொண்டாட்டத்தை அன்று. பாறை பெயரும் முன்னுள்ள கணத்தை. யாரும் கையை உயர்த்தவில்லை. யாரும் பார்வையாளரை நோக்கவில்லை. நால்வருக்கும் நம்மைப் பார்க்க நேரமில்லை. ஒருவர் கையை எடுத்தாலும் மற்ற மூவரால் முடியாது என்ற நிலையே இங்கு வெற்றி என்று சொல்லப்படுகிறது.

இச்சிலைக்கு மாதிரியாக நின்றவர்கள் ஓவியப் பள்ளியைச் சேர்ந்தவர்கள். பள்ளியின் காவலாளியும் மாணவர் ஒருவரும் அவர்களில் அடங்குவர் என்று கூறப்படுகிறது. சிற்பத்தின் முகங்களில் தென்னாட்டு உழைப்பாளிகளின் சாயல் இருப்பதற்கு இது காரணமாகலாம்.

சிலையின் இடமும் பொருத்தமானது. 1923ஆம் ஆண்டு மே முதல் நாளன்று ம. சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே நாள் விழாவைச் சென்னையில் நடத்தினார். அன்று நடந்த இரு கூட்டங்களில் ஒன்று திருவல்லிக்கேணிக் கடற்கரையில் கூடியது. இன்றும் மே நாளில் தொழிலாளர் அமைப்புகள் உழைப்பாளர் சிலைக்கு மரியாதை செலுத்துகின்றன. இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டி 1968இல் மெரினாவில் புலவர்களுக்கும் அறிஞர்களுக்கும் சிலைகள் எழுப்பப்பட்டன. அதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்பே பெயரில்லாத நால்வர் அங்கே இடம்பிடித்துவிட்டனர்.

விடுதலைப் போராட்டச் சிற்பங்கள்

11 ஆகஸ்ட் 1942 அன்று, ‘வெள்ளையனே வெளியேறு’ இயக்கத்தின்போது, பாட்னா தலைமைச் செயலகத்தில் தேசியக் கொடியேற்றச் சென்ற மாணவர்கள்மீது காவலர் துப்பாக்கியால் சுட்டனர். ஏழு இளைஞர் உயிரிழந்தனர். அவர்களுக்கான நினைவுச் சின்னத்திற்கு 15 ஆகஸ்ட் 1947 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. ராய் சௌத்ரி வடித்த ஏழு வெண்கல உருவங்களை 1956இல் குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத் திறந்துவைத்தார். முன்னே செல்பவர் கொடியேந்தி நிற்க, பின்னால் வருவோர் குண்டடிபட்டுச் சாய்கின்றனர். விழுபவர்களும் முன்னோக்கியே விழுவதாகச் சிற்பம் அமைந்துள்ளது.

தில்லியில் உள்ள ‘கியாரா மூர்த்தி’ என்ற பதினோரு உருவத் தொகுதி, 1930ஆம் ஆண்டின் தண்டி உப்பு யாத்திரையைக் கருப்பொருளாகக் கொண்டது. கோலூன்றிக் காந்தி முன்னே நடக்க, பத்துப் பேர் அவரைத் தொடர்கின்றனர். ராய் சௌத்ரியின் மறைவுக்குப் பின்னரே இது முழுமையடைந்து நிறுவப்பட்டது. மகாத்மா காந்தி வரிசையில் முன்பு புழங்கிய 500 ரூபாய்த் தாளின் பின்புறத்தில் இக்காட்சி இடம்பெற்றது. 2016 நவம்பரில் அந்தத் தாள் செல்லாததாக அறிவிக்கப்படும் வரை இச்சிற்பத்தின் படத்தைச் சட்டைப்பையில் வைத்திருக்காத இந்தியர் குறைவு.

மெரினாவில் 1959இல் நிறுவப்பட்ட காந்தி சிலையும் நடக்கும் காந்தியையே காட்டுகிறது. ராய் சௌத்ரிக்குக் காந்தி அமர்ந்து போதிக்கும் துறவியாக அன்றி, மக்களுக்கு முன்னால் நடப்பவராகத் தோன்றியிருக்க வேண்டும். கொல்கத்தாவில் உள்ள சுரேந்திரநாத் பானர்ஜி, அசுதோஷ் முகர்ஜி சிலைகளும் அவர் செய்தவை.

திருவிதாங்கூர் மன்னர் சித்திரைத் திருநாள் 1936 நவம்பர் 12 அன்று வெளியிட்ட கோயில் நுழைவுப் பிரகடனத்தையும் அவர் சிற்பப் பொருளாக்கினார். ‘பசியின் பலிகள்’, ‘குளிர்காலம் வரும்போது’ போன்ற சிற்பங்களில் வறுமைக்கும் இயற்கைக்கும் முன்னால் மனித உடல் ஒடுங்கும் நிலையைக் காண்கிறோம். உழைப்பாளர் சிலையில் பாறையை எதிர்க்கும் அதே உடல்தான் இங்கே எதிர்க்க வலுவின்றிச் சுருங்கியிருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் அவருடைய கலை நோக்கு முழுமையாக விளங்கும்.

விமர்சனமும் அடுத்த தலைமுறையும்

ராய் சௌத்ரியின் கலைமீது விமர்சனங்கள் உண்டு. அவருடைய சிற்பங்கள் மேலை நாட்டு இயல்பியல் முறையை மீறவில்லை, உணர்ச்சியை நாடக மேடைபோல் மிகைப்படுத்துகின்றன என்று பிற்காலத்தவர் கூறினர். அதே காலத்தில் சாந்திநிகேதனில் ராம்கிங்கர் பைஜ் வேறொரு பாதையில் சென்றார். அவர் 1938இல் செய்த ‘சந்தால் குடும்பம்’ வெண்கலத்தில் வார்க்கப்பட்டதன்று. சரளைக் கல்லும் சிமெண்டும் கலந்து திறந்த வெளியிலேயே உருவாக்கப்பட்டது. அதுவும் உழைக்கும் மக்களைப் பற்றியதே. ஆனால் அதில் தசைகளின் நுட்பம் இல்லை. உருவங்கள் எளிமையாகவும் மண்ணிலிருந்து எழுந்தவை போலவும் உள்ளன. மூலப்பொருளிலேயே துணிந்து சோதனை செய்ததால், இந்திய நவீன சிற்பத்தின் தொடக்கத்தைப் பலர் ராம்கிங்கரிடம் காண்கின்றனர்.

சென்னையிலும் அவருடைய மாணவர்கள் ஆசிரியரின் வழியிலேயே நின்றுவிடவில்லை. 1957இல் அவருக்குப் பின் முதல்வரான கே.சி.எஸ். பணிக்கர், இந்திய மரபின் குறியீடுகளையும் எழுத்துகளையும் கொண்டு அருவத் தன்மையுள்ள ஓவியங்களைப் படைத்தார். 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை நிறுவினார். பின்னாளில் அதே கல்லூரியின் முதல்வரான எஸ். தனபால், உடலின் இயல்பான வடிவத்தைவிட்டு விலகி, நாட்டார் மரபையும் தமிழ்ச் சிற்ப மரபையும் தம் படைப்புகளில் இணைத்தார்.

இதை ஆசிரியரின் தோல்வியாகக் கொள்ள வேண்டியதில்லை. கைத்தொழில் கற்பித்த ஒரு பள்ளியில், மாணவன் தானாகப் பார்க்கவும் தானாக முடிவெடுக்கவும் வேண்டும் என்ற பழக்கத்தை விதைத்தவர் அவரே. அப்பழக்கம் வேரூன்றியதால்தான் மாணவர்கள் அவரிடமிருந்தே வேறுபட முடிந்தது.

சிறப்புகள்

ஆங்கிலேய அரசு 1937இல் அவருக்கு எம்.பி.இ. விருது அளித்தது. 1954இல் லலித் கலா அகாதமி தொடங்கப்பட்டபோது அதன் முதல் தலைவரானார். 1958இல் பத்மபூஷண் விருது பெற்றார். 1962இல் லலித் கலா அகாதமியின் சிறப்பு உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1968இல் ரவீந்திர பாரதி பல்கலைக்கழகம் மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கியது. 15 அக்டோபர் 1975 அன்று காலமானார்.

சிலையைப் பார்க்கும் முறை

ராய் சௌத்ரியின் சிற்பத்தைப் புகைப்படத்தில் பார்ப்பதைவிட நேரில் பார்ப்பதே பயன் தரும். மெரினாவுக்குச் செல்லும் மாணவர் காலையிலும் மாலையிலும் உழைப்பாளர் சிலையைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்க்கலாம். காலையில் கடலின் பக்கமிருந்து வரும் வெயில் ஒரு பக்கத் தசைகளை எடுத்துக்காட்டும். மாலையில் நகரத்தின் பக்கமிருந்து வரும் வெயில் மறுபக்கத்தை எடுத்துக்காட்டும். முதலில் பாதங்களைப் பார்க்க வேண்டும். அவை தரையில் எப்படி ஊன்றியிருக்கின்றன என்று கண்டபின், விசை காலிலிருந்து இடுப்புக்கும் முதுகுக்கும் தோளுக்கும் ஏறிக் கைவழியே பாறையை அடைவதைக் கண்ணால் பின்தொடரலாம். முகங்களைக் கடைசியாகப் பார்த்தால் போதும். பொதுவாகச் சிலைகளில் நாம் முதலில் தேடுவது முகத்தை. அது யார் என்று அறிவதற்காக. இங்கே அது யார் என்ற கேள்விக்கு உடலே விடை சொல்லிவிடுகிறது.